நுண்கணித ஆசான் கோசி

உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலப் புகும் மாணவர் பெரும்பாலும் இரு சாரார். நுண்கணிதம் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே அஞ்சுவோர் ஒரு சாரார். சில சூத்திரங்களை மனனஞ் செய்துகொண்டால் வகையீடும் தொகையீடும் கைவந்துவிடும் என்று மகிழ்வோர் மற்றொரு சாரார். அவ்வச்சமும் வேண்டியதன்று, அம்மகிழ்ச்சியும் நிலைப்பதன்று. அவ்வகுப்பு மாணவரிடத்து எதனை வேண்டி நிற்கும், மாணவர் அவ்வகுப்பினிடத்து எதனை எதிர்பார்க்கலாம் என்பவற்றை அறிய விரும்புவோர், அப்பாடத்துக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தோருள் முதல்வராகிய ஓர் ஆசிரியரின் வாழ்க்கையை அறிதல் நன்று. அவர் பிரான்சு தேசத்தவராகிய ஒகுஸ்தின் லூயி கோசி என்பார். உலகம் போற்றும் கணித மேதையாகிய அவர், தம் வகுப்பறையிலே மாணவர்களாற் சீழ்க்கையடித்து அவமதிக்கப்பட்டவருமாவர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்தியமையினாலேயே அவர் வரலாறு நமக்குப் பயன் தருவதாகின்றது.

கோசி 1789 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 21 ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். பஸ்தில் சிறை மக்களாற் கைப்பற்றப்பட்டு ஐந்து வாரங்களே கழிந்திருந்தன. தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். பழைய ஆட்சியோடு தொடர்புடையவர். ஆகவே, புரட்சியின் கொடுமை மிக்க நாட்களில் அவர் தம் குடும்பத்தோடு பாரிசை விட்டு ஆர்க்கேய் என்னும் சிற்றூரிற் போய் ஒதுங்கி வாழ்ந்தார். உணவு அருகியிருந்த அக்காலத்திலே பிள்ளையின் உடல் மெலிந்ததாயினும் கல்வி மெலியவில்லை. தந்தையாரே அவருக்கு முதல் ஆசிரியரானார். அவ்வூரிலே அயலவராக வாழ்ந்தவர் வான்கணிதத்திற் பெரும்புகழ் பெற்ற லாப்லாஸ். தந்தையார் 1800 ஆம் ஆண்டில் மேற்சபையின் செயலாளர் பதவி பெற்றபின், லக்ராஞ்ச் என்னும் மற்றொரு கணிதப் பேரறிஞரின் பார்வையும் சிறுவன் மேல் விழுந்தது.

லக்ராஞ்ச் சிறுவனின் கணித ஆற்றலைக் கண்டு வியந்தார். ஆயினும், அவர் தந்தையாருக்குக் கூறிய அறிவுரை பலருக்கும் வியப்பளிப்பது. சிறுவனை உடனே உயர்கணித நூல்களுக்குள் இறக்கிவிடலாகாது. முதலில் இலக்கியக் கல்வியைச் செவ்வனே முடிக்கச் செய்தல் வேண்டும். இன்றேல் தான் கண்டதை ஒழுங்காக எழுதவறியாதவனாகவே வளர்வான் என்பது அவ்வறிவுரையின் சாரம். தந்தையார் அதனை ஏற்றார். மைந்தரும் இலத்தீன், கிரேக்க மொழிகளைக் கற்றுப் பரிசில்கள் பல பெற்றார். கணிதத்துக்கும் மொழிக்கும் உறவில்லை என எண்ணும் மாணவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். உயர்தர வகுப்பில் விடையை மட்டும் எழுதினாற் போதாது. அவ்விடை எவ்வாறு வந்தது, ஒவ்வொரு படியும் முன்னைய படியிலிருந்து ஏன் பிறக்கின்றது என்பதை வாக்கியமாக எழுதவும் வேண்டும். மொழித் தெளிவில்லாதார்க்கு அஃது அரிதாகும்.

1805 ஆம் ஆண்டிலே கோசி, பாரிசில் அமைந்த எக்கோல் பொலிதெக்னிக் என்னும் உயர் கலாசாலையிற் சேர்ந்தார். அஃது 1794 இல் நிறுவப்பெற்றது. பொறியியலாளரையும் பீரங்கிப் படை அதிகாரிகளையும் உருவாக்கும் நோக்குடையது. அங்குப் பயின்றபின், பாலங்களுக்கும் தெருக்களுக்குமான பொறியியற் கலாசாலையிலும் கற்றுத் தேறினார். 1810 இல் நெப்போலியனின் கட்டளைப்படி செர்பூர்க் துறைமுகத்திலே நடைபெற்ற பெருவேலையில் இளம் பொறியியலாளராக அமர்ந்தார். அங்கே அவர் கொண்டு சென்ற நூல்கள் சிலவே: லாப்லாசின் வான்கணித நூல், லக்ராஞ்சின் சார்புகள் பற்றிய நூல், இலத்தீன் கவி வேர்ஜிலின் காவியம், கிறித்தவப் பக்தி நூலொன்று. பகலெல்லாம் துறைமுக வேலை. இரவிலே கணித ஆராய்ச்சி. இவ்வாறு சில ஆண்டுகள் உழைத்தமையால் உடல் நலங்குன்றி 1812 இற் பாரிசுக்கு மீண்டார். அதன்பின் பொறியியற்றொழிலிற் பற்றுக் குறைந்தது, கணிதமே வாழ்க்கையாயிற்று.

1815 இல் தாம் கற்ற அதே எக்கோல் பொலிதெக்னிக்கில் ஆசிரியராக அமர்ந்து, அடுத்த ஆண்டிலே பேராசிரியரானார். அதே 1816 இல் அவருக்கு விஞ்ஞான அக்கடமியில் இடம் கிடைத்த விதம் புகழ்தற்குரியதன்று. நெப்போலியன் வீழ்ந்தபின் மீண்டும் ஆட்சிக்கு வந்த அரசர், மோஞ்ச், கார்னோ என்னும் அறிஞர் இருவரை அரசியற் காரணத்தால் அக்கடமியினின்றும் நீக்கினார். காலியான இடங்களுள் ஒன்று அரச கட்டளையாற் கோசிக்கு வழங்கப்பட்டது. அவர் மறுக்கவில்லை. தகுதி அவருக்கு நிரம்ப இருந்தது. எனினும், பெரியோர் வெளியேற்றப்பட்ட இடத்திற் போய் அமர்ந்தார் என்னும் பழியும் அவரை விட்டு நீங்கவில்லை.

இனி அவர் கற்பித்த பாடத்தின் நிலையைக் காண்போம். நியூற்றனும் லைபினிற்சும் பதினேழாம் நூற்றாண்டிலே நுண்கணிதத்தைக் கண்டனர். அதனைக்கொண்டு கோள்களின் இயக்கம், நீரின் ஓட்டம், நரம்பின் அதிர்வு ஆகியவற்றையெல்லாம் அறிஞர் கணித்தனர். கட்டடம் வானளாவ உயர்ந்தது; அத்திவாரமோ ஐயத்துக்கிடமாயிருந்தது. ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கம் 3 எனின் பரப்பு 9. பக்கத்தை 0.1 ஆற் கூட்டினாற் பரப்பு 9.61 ஆகும், பரப்பின் கூட்டத்தைப் பக்கத்தின் கூட்டத்தாற் பிரிக்க 6.1 வரும். பக்கத்தை 0.01 ஆற் கூட்டின் அவ்விகிதம் 6.01, 0.001 ஆற் கூட்டின் 6.001. ஆகவே மாறும் வீதம் 6 என்கின்றோம். ஆனால், அந்த 6 ஐப் பெறுதற்குக் கூட்டத்தைப் பூச்சியமாக்குதல் வேண்டுமன்றோ? பூச்சியமாயின் அதனாற் பிரித்தல் எங்ஙனம்? பூச்சியமன்றெனின் விடை சரியாக 6 ஆவதெங்ஙனம்? 1734 ஆம் ஆண்டிலே பேர்க்கிலி என்னும் அயர்லாந்துத் தத்துவ அறிஞர் இவ்வினாவை எழுப்பிக் கணித அறிஞரை எள்ளி நகையாடினார். அதன்பின் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகியும் யாவரும் ஒப்பும் விடை கிடைக்கவில்லை.

கோசி தம் மாணவருக்காக 1821 இல் வெளியிட்ட பகுப்பாய்வுப் பாடநூலிலும், 1823 இல் வெளியிட்ட நுண்கணித விரிவுரைச் சுருக்கத்திலும் இதற்கு வழி காட்டினார். எல்லை என்னும் எண்ணக்கருவையே அவர் அடிப்படையாக வைத்தார். ஒரு கணியத்தின் பெறுமானங்கள் ஒரு குறித்த எண்ணை அணுகிச்சென்று, அவ்வெண்ணுக்கும் அவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் விரும்பிய அளவு சிறிதாக்கல் கூடுமாயின், அவ்வெண் அவற்றின் எல்லையாகும். 6.1, 6.01, 6.001 என்பவற்றின் எல்லை 6. கூட்டம் பூச்சியமாக வேண்டியதில்லை. பூச்சியத்தை அணுகினாற் போதும். வகையீட்டுக் குணகம் விகிதத்தின் எல்லை. தொகையீடு கூட்டுத்தொகைகளின் எல்லை. சார்பொன்று தொடர்ச்சியானது என்பதற்கும் அவர் எல்லையைக்கொண்டே வரைவிலக்கணம் வகுத்தார். இன்று நம் மாணவர் நுண்கணித பாடத்தின் முதல் வாரங்களிற் காணும் ஒழுங்கு இதுவே.

முடிவில் தொடர்களைப் பற்றியும் அவர் கண்டிப்பான விதி செய்தார். ஒன்று, அரை, கால், அரைக்கால் எனக் கூட்டிச் செல்லின் கூட்டுத்தொகை 2 ஐ அணுகும்; அஃது ஒருங்கும் தொடர். ஒன்று, அரை, மூன்றிலொன்று, காலெனக் கூட்டிச் செல்லின் உறுப்புக்கள் தேய்ந்து செல்லுமாயினும் கூட்டுத்தொகை எல்லையின்றி வளரும். அதனை 10 ஐக் கடக்கச் செய்தற்கு 12,367 உறுப்புக்கள் வேண்டும், ஆயினும் கடந்தேவிடும். அவ்வாறே 100 ஐயும், 1,000 ஐயும் கடக்கும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றுவதை நம்பி முடிவு செய்தலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்றில்லை. ஒருங்காத தொடருக்குக் கூட்டுத்தொகையே இல்லை என்பது கோசியின் தீர்ப்பு. அவர் தொடர்களின் ஒருங்கல் பற்றி அக்கடமியில் உரைத்ததைக் கேட்ட முதியவர் லாப்லாஸ், வீட்டுக்கு விரைந்து சென்று தம் நூலிலுள்ள தொடர்களையெல்லாம் சோதித்து, அவை ஒருங்குவன எனக் கண்டபின்னரே ஆறுதலடைந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது.

தம்மை இளமையில் ஊக்கிய லக்ராஞ்சின் கொள்கையையும் கோசி சோதியாமல் விடவில்லை. சார்பு ஒவ்வொன்றையும் அடுக்குத் தொடராக விரித்துவிடலாம் எனக் கொண்டு, அதன்மேல் நுண்கணிதத்தை நிறுவ முயன்றவர் லக்ராஞ்ச். பூச்சியத்தில் வகையீடுகள் யாவும் பூச்சியமாயிருந்தும், வேறெவ்விடத்தும் பூச்சியமாகாத ஒரு சார்பைக் கோசி 1822 இல் எடுத்துக்காட்டினார். அதன் அடுக்குத் தொடர் பூச்சியத்தையே தரும், சார்பையன்று. ஓர் எடுத்துக்காட்டினாலே ஒரு கொள்கை வீழ்ந்தது. பெரியார் கூறினார் என்பது கணிதத்திற் சான்றாகாது என்பதை உயர்தர மாணவர் முதலிலேயே அறிந்துகொள்ளல் வேண்டும்.

இத்துணைச் சிறந்த பாடத்தை மாணவர் எவ்வாறு ஏற்றனர்? மகிழ்வோடு ஏற்கவில்லை என்பதே உண்மை. அவர்கள் பொறியியலாளராகவும் படை அதிகாரிகளாகவும் ஆக வந்தவர்கள். பாலத்தின் பாரத்தையும் குண்டின் பாதையையும் கணிக்க வழி தேடி வந்தவர்களுக்கு, வரைவிலக்கணமும் நிறுவலும் நாட்கணக்காக நீண்டு சென்றமை பொறுக்கக் கூடவில்லை. கோசியோ, குறித்த நேரத்தைக் கடந்தும் விரிவுரை செய்வார். 1821 ஆம் ஆண்டில் ஒருநாள் அவ்வாறு நேரங் கடந்தபோது, மாணவர் சீழ்க்கையடித்து இரைச்சலிட்டனர். சிலர் எழுந்து வெளியேறினர். கலாசாலை நிருவாகத்தினரும் மாணவரை மட்டும் குறை கூறவில்லை. அடிப்படைகளிற் காலத்தை மிகுதியாகப் போக்குகின்றார், பிரயோகத்துக்கு வேண்டியவற்றைக் குறைக்கின்றார், வகுத்த பாடத்திட்டத்தைக் கடைப்பிடிக்கின்றாரில்லை என்று பலமுறை அவருக்கு எடுத்துரைத்தனர். விரிவுரைகளை அச்சிட்டு வழங்கல் வேண்டும் என்ற அவர்களின் வற்புறுத்தலின் பயனே 1823 ஆம் ஆண்டு நூல்.

இவ்வழக்கில் நீதி யார் பக்கம்? காலம் கோசியின் பக்கமே தீர்ப்பளித்தது என்று பலர் கூறுவர். உண்மையே, அம்மாணவர் வெறுத்த பாடங்களை இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன. அன்றியும், பயனற்றவற்றைக் கற்பிப்பவர் எனப்பட்ட அவரே, திண்பொருள்களினுள்ளே தோன்றும் தகைப்புப் பற்றிய கொள்கையை 1822 அளவில் வகுத்துப் பொறியியலுக்குப் பேருபகாரஞ் செய்தார். ஆனால், மாணவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கேட்போரின் நிலையறியாது ஆசிரியர் தம் போக்கிற் பேசிச் செல்வாராயின், பேசப்படும் பொருள் பொன்னாயினும் கேட்போர்க்குப் பயனில்லை. கோசி பாடத்தை நேசித்த அளவுக்குத் தம் முன்னிருந்த மாணவரை நோக்கவில்லை. கற்பிப்போர் இதனை மறத்தலாகாது. கற்போரும், முதலிற் பயன் தோன்றாத பாடம் பயனற்ற பாடம் என்று முடிவு செய்தலாகாது.

இளைஞரை நோக்காத இக்குறை வேறொரு துன்பத்துக்கும் இடமாயிற்று. நோர்வே தேசத்து ஆபெல் என்னும் வறிய இளைஞர் 1826 இற் பாரிசுக்கு வந்து, அரியதோர் ஆராய்ச்சிக் கட்டுரையை அக்கடமிக்குச் சமர்ப்பித்தார். அதனை ஆராயும் பொறுப்பு லெஜாந்தருக்கும் கோசிக்கும் அளிக்கப்பட்டது. கட்டுரை கோசியின் தாள்களுக்கிடையே கிடந்தது, விடை வரவில்லை. ஆபெல் காசநோயால் 1829 ஏப்பிரிலில், இருபத்தாறாம் வயதிற் காலமானார். கட்டுரை 1841 இலேயே அச்சேறியது. இத்தனைக்கும், கோசியின் கண்டிப்பான முறையை முழுமனத்தோடு ஏற்றுப் பின்பற்றிய முதல்வருள் ஒருவர் ஆபெல். கால்வா என்னும் இளைஞரின் கட்டுரையையும் கோசி தொலைத்துவிட்டார் என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1830 சனவரியில் அவர் அக்கடமிக்கு எழுதிய கடிதமொன்று பிற்காலத்திற் கண்டெடுக்கப்பட்டது. கால்வாவின் ஆராய்ச்சியைத் தாமே அக்கடமியில் எடுத்துரைக்க அவர் எண்ணியிருந்தமை அதனால் விளங்கிற்று. ஆகவே, அப்பழி முழுமையும் அவர் மேற் சுமத்தத்தக்கதன்று. ஆயின் ஆபெல் விடயத்தில் அவரை விடுவிக்க வழியில்லை.

கணிதத்திற் கண்டிப்புடையவராயிருந்த கோசி, தம் கொள்கையிலும் அவ்வாறே இருந்தார். 1830 யூலையிற் பத்தாம் சாள்ஸ் மன்னர் முடியிழந்தார். லூயி பிலிப்பு அரசரானார். உத்தியோகத்தர் யாவரும் புதிய அரசருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்தல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. முன்னைய அரசருக்குச் செய்த சத்தியத்தை மீறேன் என்று கோசி மறுத்தார். பதவிகள் போயின. மனைவியையும் பெண்மக்கள் இருவரையும் பாரிசில் விட்டுச் சுவிற்சலாந்துக்குச் சென்றார். பின் இத்தாலியிலுள்ள தூரின் நகரிற் பேராசிரியரானார். 1833 இல், நாடிழந்த மன்னரின் அழைப்பையேற்றுப் பிராக் நகர் சென்று, அவர் பேரனாகிய இளவரசனுக்கு ஆசிரியரானார். அரண்மனைப் பாடத்திலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. இளவரசனுக்குக் கணிதத்தில் நாட்டமேயில்லை. ஐந்தாண்டு முயன்றும் அந்நாட்டத்தை உண்டாக்க ஆசிரியரால் இயலவில்லை. பேரறிஞர் யாவரும் எல்லா மாணவர்க்கும் ஏற்ற ஆசிரியராவர் என்பது நியதியன்று.

1838 இற் பாரிசுக்கு மீண்ட கோசிக்கு, பிரமாணம் வேண்டாத அக்கடமி ஒன்றே இடமளித்தது. அரசாங்கக் கலாசாலைகளிற் கற்பித்தல் கூடவில்லை. 1839 இல் நெடுங்கோட்டுச் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டும், பிரமாணஞ் செய்ய மறுத்தமையால் அந்நியமனம் உறுதி பெறவில்லை. அவரோ சோரவில்லை, வாரந்தோறும் கட்டுரை மேற் கட்டுரையாக அக்கடமிக்கு அளித்தார். 1848 ஆம் ஆண்டுப் புரட்சியினாற் பிரமாணம் ஒழிந்தபின், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் வான்கணிதப் பேராசிரியரானார். மூன்றாம் நெப்போலியன் அதனை மீண்டும் விதித்தபோது, அவர் மீண்டும் மறுத்தார். ஈற்றில் அரசாங்கமே அவருக்கு விலக்களித்தது. அவ்வேதனத்தைத் தாம் வாழ்ந்த சோ என்னும் ஊரிலுள்ள ஏழைகளுக்கு ஈந்தார் என்பர். அவர் அரசியற் கொள்கையை ஏற்காதாரும் அவர் வாய்மையை மறுத்தாரில்லர்.

அவர் இறுதிக் காலத்துச் செயலொன்று மாணவர் மனத்திற் பதியத்தக்கது. தொடர்ச்சியான சார்புகளாலான ஒருங்கும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று 1821 ஆம் ஆண்டு நூலிலே அவர் நிறுவியிருந்தார். அது பொருந்தாத தொடருமுண்டென்று 1826 இல் ஆபெல் எடுத்துக்காட்டினார். கண்டிப்பின் உருவமாகிய நூலிலேயே ஒரு விரிசல்! பின்வந்த அறிஞர் அதன் காரணத்தை ஆராய்ந்தனர். 1853 இல், அறுபத்துமூன்று வயதினராகிய கோசி, அக்கூற்று எந்நிலையிற் பொருந்தும் என்பதைத் திருத்தி வெளியிட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின்னும் தம் தேற்றத்தைத் தாமே திருத்தினார். அவர் சொற்களால் வகுத்த எல்லையைச் சமனிலிகளாற் பின்னும் துல்லியமாக்கியவர் செருமானிய அறிஞர் வயர்ஸ்திராஸ். இவ்வாறு ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் நிரப்பியே இப்பாடம் நம்மிடம் வந்துள்ளது.

கோசி 1857 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள் சோ என்னும் ஊரிற் காலமானார். ஏறக்குறைய எண்ணூறு கட்டுரைகளும் நூல்களும் அவர் எழுதியவை. அவற்றின் முழுத்தொகுதி 1882 இல் வெளிவரத் தொடங்கி, 27 பாகங்களாக 1974 இலேயே முற்றுப்பெற்றது. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1889 இற் பாரிசில் எழுந்த ஐபெல் கோபுரத்திற் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. இரும்பின் தகைப்பை அளக்க வழி கண்டவர் பெயர் அவ்விரும்புக் கோபுரத்தில் நிற்பது பொருத்தமே.

இவ்வரலாற்றினின்றும் உயர்தர வகுப்பு மாணவர் கொள்ளத்தக்கவை தெளிவானவை. நுண்கணித வகுப்பில், நெடுநாட் பழகிய சொற்களுக்குப் புதிய வரைவிலக்கணங் கேட்கப்படும். அதற்கு மனஞ்சலித்தல் வேண்டா. கீழ் வகுப்புக்களிலே ஒரு நாளில் முடிந்த பாடம் இங்கு ஒரு வாரம் செல்லும். அஃது ஆசிரியரின் தாமதமன்று, பொருளின் ஆழம். விடை சரியாயிருந்தும் புள்ளி குறையலாம். நிறுவலிலே படியொன்று விடுபட்டிருக்கும். பொது விதியென்று நம்பியதை ஓர் எடுத்துக்காட்டு வீழ்த்தும். அந்நாளே உண்மையான கல்வி தொடங்கும் நாள். வரைபைப் பார்த்து ஊகித்தலும் வேண்டும். ஊகித்ததை நிறுவுதலும் வேண்டும். தூய கணிதத்தையும் பிரயோகத்தையும் பகைவராகக் கருதாது, இரண்டினையும் கற்றல் வேண்டும். விளங்காதவிடத்து எழுந்து வெளியேறுதலை விட, எழுந்து வினாவுதல் நன்று. பொலிதெக்னிக் மாணவர் அன்று சீழ்க்கையடித்ததற்குப் பதிலாக வினா எழுப்பியிருப்பாராயின், அவ்வாசிரியரும் அவர் நிலையை அறிந்திருத்தல் கூடும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் இதிற் பங்குண்டு. மாணவனொருவன் கையளிக்கும் தாளிலே ஓர் ஆபெலின் எழுத்து இருத்தல் கூடும். அதனை உரிய காலத்திற் படித்து உரிய விடை கூறுதல், சிறந்த விரிவுரை செய்தலினும் குறைந்த கடமையன்று. பழைய மாணவராகிய நாமும் நம் கல்லூரிக்குச் செய்யத்தக்க தொண்டு, கணிதம் பயிலும் பிள்ளைகளுக்குச் சிறந்த நூல்களும், கற்றற்கு வேண்டிய அமைதியும், அவர்தம் வினாக்களுக்குச் செவிகொடுப்போரும் குறைவின்றிக் கிடைக்கத் துணைபுரிதலேயாம். அத்தகைய வகுப்பிற் பயில்வோர் எல்லையை அணுகுவதோடு நில்லாது அறிவின் எல்லையைச் சற்றே அகற்றியும் வைப்பாராக.